புளூட்டோவா, ஏரிஸா?

பொள்ளாச்சியில் எங்கள் களத்தில் தேங்காய் தரம் பிரிக்கும்போது, ஒரே அளவில் இரண்டை எடுத்து மகள் கையில் கொடுத்தேன். "இது மட்டும் கனமா இருக்குதுங்க அப்பா" என்றாள். சூரியனை வெகு தொலைவில் சுற்றும் புளூட்டோ, ஏரிஸ் என்ற இரண்டு சிறிய உலகங்களும் அப்படித்தான் கண்ணு என்றேன்.

புளூட்டோவின் குறுக்களவு சுமார் 2,377 கி.மீ., ஏரிஸ் 2,326. ஆனால் சற்றே சிறிய ஏரிஸ்தான் 27 சதவீதம் கூடுதல் எடை. உள்ளே பாறை அதிகம், பனி குறைவு. அதைச் சுற்றும் டிஸ்னோமியா என்ற நிலவின் ஓட்டத்தை வைத்தே அந்த எடையைக் கணக்கிட்டார்கள்.

சூரியனைச் சுற்றிவர புளூட்டோவுக்கு 248 ஆண்டு, ஏரிஸுக்கு சுமார் 560.

2005-இல் ஏரிஸ் அகப்பட்டதால்தான் 2006-இல் கோள்களிலிருந்து பிரித்து 'குறுங்கோள்' என்ற வகை வந்து, அதுவரை கோளாக இருந்த புளூட்டோவும் அதில் சேர்ந்தது. சரி, எனக்குப் பிடித்தது எது? புளூட்டோதான். 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் என்ற விண்கலம் கிட்டப் போய் எடுத்த படத்தில் இதய வடிவில் ஒரு வெளிர் நிலம். அதன் மேற்குப் பாதி உறைந்த நைட்ரஜன் சமவெளி. அந்தப் பனி அடியிலிருந்து மெல்ல எழும்பிப் புரண்டுகொண்டே இருப்பதால், விண்கல் மோதிய குழிகளே அங்கே தென்படவில்லை.

ஏரிஸுக்கு இன்னும் எந்த விண்கலமும் போகவில்லை. நம் ஆனைமலையில் எட்டு நிமிடத்தில் விழும் வெயில், புளூட்டோவை எட்ட ஐந்து மணி நேரம். ஏரிஸை எட்டப் பதின்மூன்று.