வேளச்சேரியில் பிள்ளைகளுக்கான ஃபிட்னஸ் வகுப்பு: ஆறு மாதம் அனுப்பிய அனுபவம்

பெயர் வேண்டாம், எங்கள் வீட்டுப் பக்கத்து மைதானத்தில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் நடக்கிற வகுப்பு. மாதம் 1,800 ரூபாய். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளைச் சேர்த்தேன். ஓட்டம், ஸ்கிப்பிங், புஷ்-அப் எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதில் குறையே இல்லை.

முதல் நாள் உயரமும் எடையும் எடுத்து பிஎம்ஐ பார்த்தார்கள், நார்மல். அப்புறம் 600 மீட்டர் ஓட்டம். இவள் பாதியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள், உதடெல்லாம் வெளுத்துவிட்டது. "ஸ்டாமினா இல்லை, கூட ரெண்டு ரவுண்டு ஓடட்டும்" என்றார் தலைமைக் கோச். மூன்று வாரம் ஓடினாள். வீட்டுக்கு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் தூங்கிப்போவாள்.

அங்கேயே இருக்கும் ஒரு இளம் பயிற்சியாளர்தான் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, உள்ள வெளுப்பா இருக்கு, ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க" என்றார். ஹீமோகுளோபின் 9.8. இந்த வயதில் 11.5-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோவதே ஹீமோகுளோபின்தான், அது இல்லாத பிள்ளையை இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடவிட்டால் ஸ்டாமினா எங்கிருந்து வரும்? எடை சரியாக இருக்கிறதே என்று நானும் இருந்துவிட்டேன். ஏழே கால் வேனுக்கு அரை டம்ளர் டீயோடு ஓடுகிற பிள்ளை அவள். எதிர்வீட்டுப் பையன் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறான், காலையில் பள்ளியிலேயே பொங்கலோ கிச்சடியோ சாம்பாரோடு, மதியம் முட்டை. அவன் நிற்காமல் ஓடுகிறான்.

டாக்டர் இரும்புச்சத்து மருந்தும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார். டீயை நிறுத்தினோம், அது சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாதாம். முட்டை, கேழ்வரகு அடை, முருங்கைக்கீரைப் பொரியலோடு கொஞ்சம் எலுமிச்சை. மூன்று மாதத்தில் 11.9. போன வாரம் 600 மீட்டரை நிற்காமல் முடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் தேடி என்னிடம் ஓடிவந்தாள்.

எனக்குக் கோபம் வந்த விஷயம், அவர்கள் விற்கிற புரோட்டீன் பவுடர். டப்பா 1,400 ரூபாய். ஒல்லியான பிள்ளைக்கும் அதேதான், தினமும் பப்ஸும் பாட்டில் ஜூஸுமாக எடை ஏறி, தன் உடம்பைத் தூக்கி ஓடவே மூச்சு வாங்குகிற பையனுக்கும் அதேதான். என்ன சாப்பிடுகிறாய் என்று யாரும் அவனிடம் கேட்டதில்லை.

பயிற்சிக்கு 5-க்கு 4 கொடுப்பேன், சாப்பாட்டு ஆலோசனைக்கு 1. சேர்ப்பதாக இருந்தால் முதலில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், அந்த டப்பாவை வாங்காதீர்கள்.