பழைய லேப்டாப்புக்கு ஒத்துவரும் கேம்கார்டர்: சோனி சிஎக்ஸ்405

அக்கா மகளின் நாட்டிய அரங்கேற்றத்தை முழுசாகப் பிடித்து வைக்க வேண்டும் என்றுதான் கேம்கார்டர் தேடத் தொடங்கினேன். செல்போனில் எடுத்துப் பார்த்தாயிற்று. ஆறாவது வரிசையிலிருந்து பெரிதாக்கினால் முகம் கலங்கிப்போகிறது, வர்ணம் என்ற நீண்ட உருப்படியின் பாதியிலேயே மெமரி தீர்ந்து நின்றுவிடுகிறது. ஆனால் வீட்டில் இருப்பதோ 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். எடுத்த வீடியோ அதில் ஓடவில்லை என்றால் கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனமில்லை.

இதை யோசிக்காமல் முதலில் ஆன்லைனில் மலிவாக வந்த, பெயர் தெரியாத ஒரு '4கே' கேமராவை வாங்கிவிட்டேன். பெட்டியில் 16 மடங்கு ஜூம் என்று பெரிதாகப் போட்டிருந்தது, லென்ஸோ அசையவே இல்லை. இருக்கிற படத்தையே வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம் அது. லேப்டாப்பில் போட்டால் சத்தம் முன்னால் போகிறது, படம் பின்னால் திக்கித் திக்கி வருகிறது. மறுநாளே திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை மைக்ரோ எஸ்டி கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கே போய், அங்கிருந்த கேமராக்களில் இரண்டிரண்டு நிமிடம் எடுத்து வந்து வீட்டில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தேன். கடைக்காரர்கள் இதற்குச் சம்மதிக்கலாம், தயங்காமல் கேளுங்கள்.

அப்படி வாங்கியதுதான் சோனி எச்டிஆர்-சிஎக்ஸ்405. 2015இல் வந்த மாடல், 4கே கிடையாது, முழு எச்டி மட்டும்தான். என் லேப்டாப்புக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. ஜூம் 30 மடங்கு, லென்ஸே நகர்ந்து பெரிதாக்கும் நிஜமான ஆப்டிகல் ஜூம். ஸ்டாண்டில் நிறுத்தி நெருங்கினால் அபிநயத்தில் புருவம் உயர்வதுகூடத் தெரிகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் யுஎஸ்பி ஒயர். கையை நுழைக்கும் பட்டைக்குள்ளேயே மடக்கி வைத்திருக்கிறார்கள், உருவி லேப்டாப்பில் செருகினால் போதும், சார்ஜும் அதன் வழியாகவே ஏறும்.

இனி லேப்டாப் விஷயம். எக்ஸ்ஏவிசி எஸ் என்ற உயர்தர முறையில் நொடிக்கு 50 மெகாபிட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 22 ஜிபிக்கு மேல் போகும்; இதற்கு எஸ்டிஎக்ஸ்சி என்ற அதிகக் கொள்ளளவு வகை கார்டும் வேண்டும். ஏவிசிஎச்டி என்ற இன்னொரு பதிவு முறையில் அதிகபட்சத் தரத்தில் வைத்தாலே மணிக்கு பன்னிரண்டரை ஜிபிதான், 64 ஜிபி கார்டு ஒரு கச்சேரிக்குத் தாராளம். அதில் மறக்காமல் 50பி என்பதைத் தேர்ந்தெடுங்கள், நொடிக்கு 50 முழுப் படங்கள் என்று அர்த்தம். ஒன்றுவிட்டு ஒரு கோடாகப் பாதிப் பாதிப் படமாகப் பதியும் 50ஐ என்று வைத்தால் கணினித் திரையில் வேகமாக அசையும் கைகளின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும், நாட்டியத்துக்கு அது ஆகவே ஆகாது. இவற்றோடு கூடவே 720பி என்ற குறைந்த தரத்தில் சிறிய எம்பி4 கோப்பு ஒன்றையும் கேமரா அதே நேரத்தில் பதிவு செய்யும், மெனுவில் அதை ஆன் செய்து வைக்க வேண்டும். அது நொடிக்கு 3 மெகாபிட்தான், பெரும்பாலான பழைய கணினிகளிலும் தடங்கலில்லாமல் ஓடும்.

ஏவிசிஎச்டியில் ஒரு சிக்கல் உண்டு. நீளமான பதிவு சுமார் 2 ஜிபி துண்டுகளாக உடைந்து எம்டிஎஸ் கோப்புகளாகக் கிடக்கும். அவற்றைத் தனித்தனியாக எடிட்டரில் வரிசையாக வைத்தால் ஒட்டுகிற இடத்தில் சத்தம் ஒரு கணம் அறுந்துபோகும். சரியாக ஜதி நடுவில் எனக்கு அப்படி ஆனது. சோனியின் பிளேமெமரீஸ் ஹோம் என்ற மென்பொருள் வழியாக இறக்கியபோது துண்டுகளை அதுவே ஒட்டித் தந்துவிட்டது. எடிட்டிங்குக்கு ஷாட்கட் வைத்திருக்கிறேன், இலவசம்தான். அதில் பிராக்ஸியை ஆன் செய்தால் சிறிய நகலை வைத்து வேலை செய்துவிட்டுக் கடைசியில் அசல் தரத்தில் எடுக்கலாம். பழைய லேப்டாப்காரர்களுக்கு இது பெரிய உதவி.

குறை இல்லாமல் இல்லை. தனி மைக் செருக வழியே கிடையாது, மேடைக்கு அருகில் இன்னொரு கருவியில் ஒலியைப் பதிந்து பிறகு சேர்க்க வேண்டும். ஒளியைப் பிடிக்கும் சென்சார் சின்னது, மங்கலான வெளிச்சத்தில் படம் புள்ளி தட்டும். திரையும் தொடுதிரை அல்ல. கூடுதலாக ஒரு என்பி-பிஎக்ஸ்1 பேட்டரி கட்டாயம் வாங்குங்கள்.

உறவினர் யாராவது பழைய டேப் கேமராவைச் சும்மா தருகிறேன் என்றால், மினிடிவி (MiniDV) என்ற சிறிய டேப் வகையாக இருந்தால் யோசியுங்கள். அதற்கு ஃபயர்வயர் என்ற பழைய ஒயர் இணைப்பு வேண்டும், இன்றைய லேப்டாப்களில் அந்தத் துளையே கிடையாது, ஒரு மணி நேர டேப்பை இறக்க முழுசாக ஒரு மணி நேரம் ஆகும்.

அரங்கேற்றம் முடிந்த மறுநாள் காலையிலேயே அக்கா பென்டிரைவோடு வந்து நின்றாள். இரண்டரை மணி நேர நிகழ்ச்சி எம்பி4இல் மூன்றரை ஜிபிக்குள் அடங்கியிருந்தது. காபி குடித்து முடிப்பதற்குள் போட்டுக் கொடுத்துவிட்டேன்.