ஓபிசியா, எல்சி3யா?

ஓபிசி என்பது வழக்கமான சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட். எல்சி3 என்பது சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்களும் சிமென்ட் ஆலைகளும் சேர்ந்து வளர்த்தெடுத்த, சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்த சிமென்ட்.

கலவை: ஓபிசியில் கிளிங்கர் (சூளையில் சுட்டெடுக்கும் சிமென்ட் கட்டிகள்) சுமார் 95%. எல்சி3இல் 50%தான், மீதி சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5.

சூளை: கிளிங்கருக்கு 1450 டிகிரி செல்சியஸ். களிமண்ணுக்கு 800 போதும்.

வலிமை: முதல் நாளில் ஓபிசி முந்தும். களிமண்ணில் கயோலினைட் என்ற கனிமம் 40% இருந்தால் ஏழாம் நாளில் எல்சி3 எட்டிப்பிடிக்கும்.

கலவையைக் கையாளும் வேலை: இங்கேதான் சிக்கல். நுண்ணிய களிமண் நீரை இழுத்துக் கலவையைச் சீக்கிரம் இறுக்கிவிடும். கட்டுமான இடத்தில் கலவையில் கூடுதல் தண்ணீர் ஊற்றினால் வலிமை போச்சு; கலவையை இளக்கும் வேதிப்பொருளான சூப்பர்பிளாஸ்டிசைசரின் அளவைக் கூட்டுங்கள்.

நீடிப்பு: நுண்துளைகள் சிறியவை என்பதால் எல்சி3இல் கம்பியைத் துருவேற்றும் கடல் உப்பின் குளோரைடு எளிதில் நுழையாது. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டோடு வினைபுரியும் கார்பனேற்றம் மட்டும் வேகம். அதனால் நீராற்றுவதில், அதாவது இறுகிய கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பதில், கஞ்சத்தனம் கூடாது.

கடலோரக் கட்டுமானத்துக்கு எல்சி3. மறுநாளே அச்சுப் பலகைகளைக் கழற்ற வேண்டுமா, ஓபிசி.