தண்டையார்பேட்டையில் கார்புரேட்டர் வேலைக்கு நம்பிப் போகலாம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு, ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டர் முறுக்காமல் நிற்கும்போது இன்ஜின் ஓடுவது) சரியில்லாத பைக் என்ன பாடு படுத்தும் என்று தெரியும். கேட் திறந்து எல்லாரும் கிளம்பும்போது நம் வண்டி மட்டும் பொசுக்கென்று அணைந்துவிடும். முன்பு காட்டிய ஒரு கடையில் ஐடில் ஸ்குரூவை முறுக்கிவிட்டு அனுப்பிவிட்டார்கள். வண்டி அணையவில்லை, ஆனால் சும்மா நிற்கும்போதே உறுமிக்கொண்டு பெட்ரோலைக் குடித்தது.

தண்டையார்பேட்டையில் உள்ள இந்த மெக்கானிக் கடை அண்ணன் எடுத்ததும் ஸ்குரூவைத் தொடவே இல்லை. ஏர் ஃபில்டரைப் பார்த்தார், அப்புறம் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி, அதற்குள் இருக்கும் பைலட் ஜெட் என்ற சின்ன உதிரிபாகத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஊசிமுனை அளவு ஓட்டை, அதிலும் பாதி அடைப்பு. "ஐடில்ல பெட்ரோல் இது வழியாத்தான் வரணும் தம்பி, இது அடைச்சிருந்தா மேல என்ன திருகினாலும் வேஸ்ட்" என்றார். சுத்தம் செய்து மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை காத்திருந்துதான் ஸ்குரூக்களைத் திருகினார், ஏனென்றால் சூடாகாமல் வைத்தால் பிறகு ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) தானாக ஏறிவிடும். நம்மூர் 100 சிசி வண்டிகளுக்குச் ஐடிலில் சுமார் 1,400 ஆர்பிஎம் இருந்தால் போதும். இந்தப் பொறுமைக்கே காசு கொடுக்கலாம்.

பில் தருவதில்லை, அது குறைதான். சனிக்கிழமை கூட்டம் அதிகம். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) இன்ஜெக்‌ஷன் வண்டி, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் போகும் வண்டி என்றால், கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போகச் சொல்லி அவரே அனுப்பிவிடுகிறார்.