54 வாட் சோக்கின் மேல் 28 வாட் ஸ்டிக்கர்: டியூப் லைட் சோக் வாங்குபவர்கள் பார்த்து வாங்குங்கள்

திருப்பூரில் சின்ன அளவில் பனியன் செக்கிங் யூனிட் நடத்துகிறேன். ஷேடு, அதாவது துணியின் நிறம் சரியா என்று பார்க்கும் மேசைகளுக்கு மேலே நாலடி டி5 (ஒல்லி வகை) டியூப்கள். பையர் ஒப்புக்கொண்ட வெளிச்சம் அது என்பதால் எல்இடிக்கு மாற முடியாது. டியூப்புக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பழைய சோக்குகள் வரிசையாகப் போகத் தொடங்கியதால், 28 வாட் டியூப்புக்கான எலக்ட்ரானிக் சோக் 30 ஒரே கடையில் வாங்கினேன்.

மாட்டியதும் வெளிச்சம் வழக்கத்தைவிடத் தூக்கலாக இருந்தது. சில வாரங்களில் டியூப்களின் இரண்டு முனையும் கருக்க ஆரம்பித்தது. எல்லாமே புது டியூப்கள். அப்புறம் ஒருநாள் பிளாஸ்டிக் தீயும் வாடை. ஹோல்டர் ஒன்று பழுப்பேறி, உருகி, டியூப்போடு ஒட்டிப்போயிருந்தது. அதற்குக் கீழேதான் துணி அடுக்கியிருந்தோம்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து வாட் மீட்டர் வைத்துப் பார்த்தார். 30 வாட்டை ஒட்டிக் காட்ட வேண்டிய மீட்டர் 50-ஐத் தாண்டியது. சோக்கைக் கழற்றி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: 54 வாட், ஒரு டியூப். எல்லாவற்றையும் உரித்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் இதே கதை.

இந்த மோசடி சுலபமாக நடப்பதற்குக் காரணம், 28 வாட் டி5, 54 வாட் டி5 இரண்டுக்குமே ஒரே நீளம், அதே 16 மில்லிமீட்டர் தடிமன், அதே பின். மாட்டினால் எரியும். ஆனால் 28 வாட் டியூப்புக்கு 170 மில்லிஆம்பியர்தான் வேண்டும். 54 வாட் டியூப்புக்கு 460. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு கரண்ட் போனால் முனையில் இருக்கும் இழை என்னவாகும்? அதன் மேல்பூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். டியூப் ஒல்லி என்பதால் இழை கண்ணாடிக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது, சூடு நேராகக் கண்ணாடிக்கும் ஹோல்டருக்கும் இறங்குகிறது. நல்ல சோக் என்றால் டியூப் தீரும் நிலைக்கு வந்ததும் தானாக நிறுத்திவிடும். இவை கடைசிவரை தள்ளிக்கொண்டே இருந்தன.

கடையில் கேட்டால், "நாலடி டியூப்தானுங்க, எந்த சோக் போட்டாலும் எரியும்" என்கிறார். பழைய காப்பர் சோக் காலத்தில் 40 வாட் குண்டு டியூப்பும் அதைவிட ஒல்லியான 36 வாட் டி8 டியூப்பும் ஒரே சோக்கில் ஓடியது உண்மைதான். இரண்டுக்கும் தேவையான கரண்ட் ஏறக்குறைய ஒன்று. அதை டி5-க்குச் சொல்வது தப்பு. ஸ்டிக்கரை மாற்றி ஒட்டி விற்பது பச்சைத் துரோகம். பில்லில் வெறும் "சோக் 30" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது "நம்ம சரக்கே இல்லைங்க" என்கிறார். பணமும் வரவில்லை, கருகிய டியூப்களுக்கும் பதில் இல்லை.

வாங்கும்போது ஸ்டிக்கரின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், இரட்டையாக இருந்தால் கையில் தட்டுப்படும். டியூப் வகை, வாட், எத்தனை டியூப், வயரிங் படம், ஐஎஸ்ஐ முத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் டியூப்பின் வகையும் வாட்டும் அந்த ஸ்டிக்கரில் இல்லையென்றால் வேண்டாம். பில்லில் கம்பெனி பெயரும் வாட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு முனை சீக்கிரமே கருத்தால் டியூப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், சோக்கைக் கழற்றிப் பாருங்கள்.