கரண்ட் பில், ஆத்தங்குடிக் கல், அல்ஜீப்ரா: இரண்டு வருஷப் பயிற்சி அனுபவம்

காலேஜ் அல்ஜீப்ராவை வாக்கியக் கணக்குகள் (word problems) வழியாகவே படிப்பது என்று முடிவெடுத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிளஸ் டூவில் நான் காமர்ஸ். கணக்குப் பாடம் பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்காக மறுபடி தொட்டேன். தேர்வு முடிந்த பிறகும் விட மனசு வரவில்லை. இந்தப் படிப்பு முறை எங்கே கைகொடுத்தது, எங்கே கொடுக்கவில்லை என்று சொல்கிறேன்.

காலேஜ் அல்ஜீப்ரா என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் ஆரம்பத்தில் நடத்தும் பாடம். சார்புகள் (function), இருபடிச் சமன்பாடு, மடக்கை (logarithm), அணிகள் (matrix) என்று பெரும்பாலும் நம் ஊரில் பத்தாவதிலும் பிளஸ் ஒன்னிலும் வருகிறவைதான். அந்தப் பாடப் புத்தகங்களில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் நிஜ வாழ்க்கைக் கணக்குகள் ஒரு கத்தை இருக்கும். மைல், கேலன், பாரன்ஹீட், நீச்சல் குளம். ஆரம்பத்தில் அவற்றைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். விடை வரும், ஆனால் சரியா தப்பா என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும். ஒரு கேலன் பெயிண்ட் எவ்வளவு சுவருக்கு வரும் என்று காரைக்குடியில் இருக்கிற எனக்கு எப்படி உத்தேசம் இருக்கும்? கணக்கின் வகையை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, பொருளை இங்கிருந்து போட ஆரம்பித்த பிறகுதான் படிப்பு ஓடியது.

எங்கள் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு அங்குலச் சதுரக் கல் என்றால், 12 அடிக்கு 10 அடி அறைக்கு நீளத்தில் 18, அகலத்தில் 15, ஆக 270 கல். ஆனால் ஆர்டரை அப்படி மொத்தமாகக் கொடுக்க முடியாது. நடுவில் பூ, சுற்றிலும் பார்டர், நாலு மூலைக்கும் பார்டர் திரும்புகிற மாதிரி தனிக் கல். நடுவுக்கு 16 × 13 = 208, மூலைக்கு 4, மீதி 58 பார்டர். நீள வரிசையை ‘நீ’, அகல வரிசையை ‘அ’ என்று எழுதினால் நடுப்பகுதி (நீ − 2)(அ − 2). விரித்தால் நீ × அ − 2நீ − 2அ + 4.

என்னோடு உட்கார்ந்து படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான்: “கழிச்சுக்கிட்டே வந்தோம், கடைசியில ப்ளஸ் நாலு எங்கேருந்துக்கா வந்துச்சு?” அவர்கள் வீட்டு முகப்புத் தரையிலேயே காட்டினேன். நாலு ஓர வரிசைகளையும் கழிக்கும்போது ஒவ்வொரு மூலைக் கல்லும் இரண்டு வரிசையில் சேர்ந்திருப்பதால் இரண்டு தடவை போய்விடுகிறது. அந்த நாலைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான்.

எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது கரண்ட் பில். துண்டு துண்டாக வரையறுத்த சார்புகள் என்ற பாடம் புத்தகத்தில் உயிரில்லாமல் கிடக்கும். 2022 செப்டம்பரில் வந்த வீட்டு மின் கட்டணத்தைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை போனால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், அதற்கடுத்த 200 யூனிட் 4.50, கடைசி 100 யூனிட் 6 ரூபாய். மொத்தம் 1725. ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் 2.25 ரூபாய் விகிதமே கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாம் 4.50, 401 முதல் 500 வரை அதே 6, 500-க்கு மேல் 8. பில் 1958. ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய். இதை வரைபடமாகப் போட்டால் 100-லும் 200-லும் 400-லும் கோடு சாய்வு மட்டும் மாறி ஒட்டிக்கொண்டே போகும், 500-இல் அறுந்து மேலே தாவும். தொடர்ச்சி இல்லாத சார்பு என்றால் என்ன என்று இதற்குப் பிறகு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டணம் அப்புறம் மாறியிருக்கிறது. உங்கள் பில்லில் இருக்கும் விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்.

மடக்கைக்கு வட்டியை விட்டால் வேறென்ன? அதுவும் செட்டிநாட்டில். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதத்துக்கு. தனி வட்டியில் ஒரு லட்சம் இரண்டாக 50 மாதம். வட்டிக்கு வட்டி போட்டால் 1.02-இன் எத்தனையாவது அடுக்கு 2 ஆகும் என்பதுதான் கேள்வி. மடக்கை போட்டால் 35-க்குக் கொஞ்சம் மேல். 35-ஆம் மாத முடிவில் 1,99,989 ரூபாய் நிற்கிறது, பதினோரு ரூபாய் குறைச்சல். வருஷத்துக்கு 24 சதவீதம் என்று வாயால் சொல்வது கூட்டு வட்டியில் 26.8-ஐத் தாண்டுகிறது. கடன் வாங்கப் போகிற யாரும் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இருபடிச் சமன்பாட்டுக்கு வளவு, அதாவது செட்டிநாட்டு வீட்டின் முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும். 30 × 20 அடி முற்றம், சுற்றி ஒரே அகலத்தில் தாழ்வாரம், எல்லாம் சேர்த்து 1200 சதுர அடி. அகலம் 5 அடி வரும், கூடவே −30 என்று இன்னொன்றும் வரும். அதைத் தள்ளுவதற்கு விதி எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சரி, குறைகள். காரணிப்படுத்தும் வேகம் இதில் வராது. ஒரு வாக்கியக் கணக்கு போடுகிற நேரத்தில் வெறும் காரணிக் கணக்குகள் பத்துப் பன்னிரண்டு போட்டுவிடலாம், தேர்வுக்கு அந்தக் கை வேகம் கட்டாயம் வேண்டும். கலப்பெண்களுக்கு (−1-இன் வர்க்கமூலம் வருகிற எண்கள்) வீட்டில் பொருள் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அதைக் குறியீடாகவே படித்துவிடுவது நல்லது. இன்னொன்று, கணக்கை நாமே தயாரித்தால் விடை முழு எண்ணாக வருகிற மாதிரி நம்மை அறியாமலே அமைத்துவிடுவோம். அதனால் நிஜ பில், நிஜ அளவு தவிர வேறு எதையும் இப்போது எடுப்பதில்லை.

இப்போது அணிகளில் இருக்கிறேன். பூக்கல், பார்டர், மூலை மூன்றுக்கும் தனித்தனி விலை. மூன்று அறைக்கும் கல் எண்ணிக்கையும் தனித்தனி மொத்தத் தொகையும் தெரிந்தால் பெரும்பாலும் மூன்று விலையையும் கண்டுபிடிக்கலாம். போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் மூன்று அறையும் வேறு வேறு அளவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு அறை ஒரே அளவாக இருந்தால் இரண்டு சமன்பாடும் ஒன்றேதான், ஒரே ஒரு விடை கிடைக்குமா என்று காட்டும் அணிக்கோவை (determinant) பூஜ்ஜியம் ஆகிவிடும், விலை பிரியாது.