குளிருக்குக் காரணம் ஸ்லீப்பிங் பேக் இல்லை: பனியில் நான்கு இரவு படுத்துப் பார்த்த காற்றுப் பாய்

இரண்டு குளிர்காலங்களாக என் ஸ்லீப்பிங் பேக்கைத்தான், அதாவது இறகு அடைத்த தூக்கப் பையைத்தான், குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மேல்பக்கம் இறகு நன்றாக உப்பியிருக்கும், நெஞ்சும் முகமும் கதகதப்பாக இருக்கும். ஆனால் நள்ளிரவு தாண்டினால் இடுப்பும் தோளும் மட்டும் வெறும் பனியில் கிடப்பது போல் சில்லிட்டுப்போகும். ஒருக்களித்துப் படுப்பவள் நான். புரண்டால் அடுத்த பக்கம் விறைக்கும். இந்த முறை பேக்கை மாற்றாமல், அடியில் விரிக்கும் பாயை மட்டும் மாற்றிக்கொண்டு மலையேறினேன். நான்கு இரவும் பனி மேல்தான் படுக்கை. கடுமையான இரவில் டென்ட்டுக்கு வெளியே தொங்கவிட்ட வெப்பமானி மைனஸ் 14 டிகிரி செல்சியஸ் காட்டியது.

குளிரை இறகு தானாகத் தடுப்பதில்லை, அதற்குள் சிக்கியிருக்கும் காற்றுதான் தடுக்கிறது. நம் எடை விழும் இடத்தில் இறகு தட்டையாக நசுங்கிவிடும், காற்றும் போய்விடும். ஆக, முதுகுக்கு அடியில் பேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்த இடத்தைக் காப்பது பாயின் வேலை. பாய் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதை ஆர் மதிப்பு என்ற எண்ணால் சொல்கிறார்கள், எண் கூடினால் காப்பும் கூடும். முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் அளந்து அச்சிட்டது. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுவான சோதனை முறை வந்த பிறகுதான் இரண்டு கம்பெனிப் பாய்களின் எண்களை நம்பி ஒப்பிட முடிகிறது. பழைய பாய் வாங்குபவர்கள் அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாதாரண ஃபோம் பாய் ஏறத்தாழ 2. பனி மேல் படுக்க 5-க்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. நான் வாங்கிய காற்றுப் பாய் 6-க்குச் சற்று மேல், எடை அரை கிலோவுக்கும் குறைவு. உள்ளே பளபளப்பான மெல்லிய படலங்கள் அடுக்காக இருக்கின்றன, உடம்புச் சூட்டைத் திருப்பி அனுப்ப. அதனால் அசையும்போதெல்லாம் சரசரவென்று சத்தம். முதல் இரவே தங்கை சொல்லிவிட்டாள்: "அக்கா, உன் பாய் ராத்திரி முழுக்கப் பேசுது. ஆனா நீ நல்லாத் தூங்குற."

தங்கையிடம் இருப்பதும் என்னுடையதைப் போன்ற பேக்தான். அவள் இரண்டு ஃபோம் பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தாள். ஆர் மதிப்புகளை அப்படியே கூட்டிக்கொள்ளலாம், ஆக அவளுக்கு 4. மைனஸ் 9 வரை அவளும் அசையாமல் தூங்கினாள். மைனஸ் 14 வந்த அன்று விடியற்காலை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான் கம்பளி உள்ளாடையோடு, கால்மாட்டில் ஒரு வெந்நீர் பாட்டிலோடு, விடியும்வரை எழவில்லை. பாயின் அருமையை எனக்குக் காட்டியது அந்த இரவுதான்.

பயன்படுத்துவதில் இரண்டு விஷயம். வாயால் ஊதாதீர்கள். மூச்சில் இருக்கும் ஈரம் உள்ளே தங்கி உறைந்துவிடும். கூடவே தரும் பம்ப் பையால் நான்கைந்து முறை காற்றைத் தள்ளினால் போதும். அடுத்தது, ஊதியவுடன் படுத்துவிடாதீர்கள். குளிர்ந்தால் காற்று சுருங்கும். மாலையில் கல் மாதிரி இருந்த பாய் ராத்திரி தொளதொளத்துப்போகும். ஓட்டை என்று முதல் நாள் பதறிப்போனேன். அரைமணி நேரம் ஆறவிட்டு இன்னொரு பை காற்றுத் தள்ளியதும் சரியாகிவிட்டது.

இனி குறை. மூன்றாம் இரவு மூன்று மணிக்கு என் இடுப்பு தரையைத் தொட்டது. வால்வின் ரப்பர் மடலுக்குள் பொடிப் பனி ஒன்று ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்லக் காற்றைக் கசியவிட்டிருக்கிறது. விரல் சூட்டில் அதைக் கரைத்துத் துடைத்து மறுபடி நிரப்பினேன், காலைவரை நின்றது. ஆனால் அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றிச் செய்த வேலை அது. குளிர்காலத்துக்கென்றே விற்கும் பாயில் வால்வு இப்படி இருப்பதை நான் மன்னிக்கத் தயாரில்லை. அன்று என்னைக் காப்பாற்றியது அடியில் விரித்திருந்த பழைய ஃபோம் பாய். காற்றுப் பாயை மட்டும் நம்பிப் பனியில் போகவே போகாதீர்கள். பாய் ஓட்டையானால் உறைகுளிரில் ஒட்டுப் பசை ஒழுங்காகப் பிடிக்காது, ஓட்டையைத் தேடிப்பிடிப்பதும் பெரும்பாடு.

அகலமும் எனக்குப் போதவில்லை. முழங்காலை மடக்கினால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒருக்களித்துப் படுப்பவர்கள் எடை கொஞ்சம் கூடினாலும் அகலமான அளவையே வாங்குங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெண்களுக்கு முக்கியமாக. பேக்குகளுக்கான ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசச் சோதனையில், எவ்வளவு குளிர் வரை தாங்கும் என்று முக்கியமாக மூன்று எண்கள் வரும். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் நிம்மதியாகப் படுக்கக்கூடிய குளிர். லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் குளிர். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் எல்லை மட்டுமே, அதைப் பார்த்து வாங்கவே கூடாது. என் பேக்கின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்தது லிமிட் எண், மைனஸ் 15. கம்ஃபர்ட் மைனஸ் 8-தான், பொடி எழுத்தில் உள்பக்கம் தைத்திருந்தது. இன்னொன்று, சூடேற்றிய மனித உருவப் பொம்மையை அந்தச் சோதனையில் பேக்குக்குள் வைத்து பாய் மேல்தான் கிடத்துகிறார்கள். நல்ல பாய் அடியில் இல்லாவிட்டால் அந்த எண்கள் எதுவும் நமக்குப் பொருந்தாது. இரண்டு வருடம் நான் பேக்கைக் குறை சொன்னது அநியாயம்.

பாயைத் திருப்பிக் கொடுக்கவில்லை, வைத்துக்கொண்டேன். வால்வைத் துடைக்க ஒரு சிறு துணியைப் பம்ப் பையிலேயே கட்டிவிட்டேன். தங்கை இதே பாயில் அகலமான அளவை வாங்கப்போகிறாள், சத்தம் பரவாயில்லையாம்.